ஃபேன் கண்ட்ரோல்: விசிறியைப் பொறுமையாக்கிய இலவச மென்பொருள்

என் கணினியின் விசிறிச் சத்தம் பெரிது என்பதைவிட, அது ஒரு நிலையில் நில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததுதான் எனக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. பிரௌசரில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே ரைசன் 5 3600 புராசசரின் வெப்பம் ஓரிரு நொடிகளில் 45 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குத் தாவும். விசிறியும் அதைத் துரத்திக்கொண்டு வேகமெடுத்து, உடனே அடங்கிவிடும். இரவின் அமைதியில் எழுத உட்காரும்போது இந்த மூச்சிரைப்பு கவனத்தை முற்றிலும் சிதறடித்துவிடுகிறது. கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்து, ஒவ்வொரு முறையும் கணினியை மறுபடி தொடங்கிச் சலித்த பிறகே விண்டோஸுக்கான ஃபேன் கண்ட்ரோல் மென்பொருளை நிறுவினேன். பயன்படுத்தத் தொடங்கி ஆறு மாதங்கள் ஆகின்றன.

முதல்முறை திறந்ததும், மதர்போர்டின் எந்த இணைப்பில் எந்த விசிறி சுழல்கிறது என்பதை அது தானே சோதித்து அறிந்துகொள்கிறது. எந்த வெப்பத்துக்கு எத்தனை சதவீத வேகம் என்பதை ஒரு வரைகோட்டின் புள்ளிகளை இழுத்தே அமைத்துவிடலாம். மாற்றம் அந்த நொடியிலேயே காதுக்குத் தெரிகிறது.

ஆனால் என் பார்வையில் இதன் உண்மையான சிறப்பு, சிறு வெப்ப மாற்றங்களுக்கெல்லாம் விசிறியை அசையவிடாத ஹிஸ்டரிசிஸ் என்ற அமைப்பில்தான் இருக்கிறது. புராசசரின் சில்லு நொடியில் சூடாகும். அதன்மேல் அமர்ந்து வெப்பத்தை உறிஞ்சி வெளியேற்றும் ஹீட்சிங்கின் உலோகம் சூடேறவோ நெடுநேரம் ஆகும். ஆகவே ஓரிரு நொடித் தாவலுக்காக விசிறி ஓடுவதால் சத்தம் கூடுமே தவிர, பெரிய பயன் கிடைப்பதில்லை. வெப்பம் 4 டிகிரிக்கு மேல் மாறி, அந்த மாற்றம் 5 நொடிகள் நீடித்தால் மட்டுமே வேகம் மாறட்டும் என்று அமைத்தேன். ஏற்ற இறக்கம் அன்றோடு நின்றது.

அடுத்ததாக, கூலரின் 120 மி.மீ. விசிறியின் உச்ச வேகத்தை நிமிடத்துக்கு 1,500 சுற்றிலிருந்து 1,000 சுற்றாகக் குறைத்தேன். நீண்ட வீடியோ வேலையின்போது 70 டிகிரியில் நின்ற வெப்பம் இப்போது 75 டிகிரியில் நிற்கிறது. இந்தப் புராசசரின் வரம்பு 95 டிகிரி என்பதால், அந்த 5 டிகிரியை மனநிறைவோடு விட்டுக்கொடுத்தேன். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும் என்பது பொறியியல் கணக்கு. 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்றும். மறுபுறம், எந்த விசிறியும் அறையின் வெப்பத்துக்குக் கீழே புராசசரைக் கொண்டுபோகாது. டிசம்பரில் பொருந்திய அமைப்பு மே மாதத்தில் பொருந்தாததால், கோடைக்கென்று தனியாக ஒன்றைச் சேமித்து வைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. விண்டோஸில் மட்டுமே இயங்குகிறது. பெரும்பாலான மடிக்கணினிகளில் பயன்படாது. மென்பொருளை மூடிவிட்டால் விசிறிகள் மதர்போர்டின் பொறுப்புக்கே திரும்பிவிடுகின்றன. அதனால் பயாஸிலும், சத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை என்று, பாதுகாப்பான வேகங்களையே விட்டுவைத்திருக்கிறேன்.