நடு நிலையைத் தொலைத்த சுவிட்ச்: ஹெலி சிமுலேட்டரில் இரண்டு வருடம்

கணினி சிமுலேட்டரில் ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. கையில் இருப்பது ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ் என்ற ரிமோட் (ரேடியோ என்போம்), அதில் ஓடுவது எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள். யூஎஸ்பி வயரைச் செருகி ஜாய்ஸ்டிக் என்று தேர்ந்தெடுத்தால் போதும், கணினி அதை ஒரு கேம் கன்ட்ரோலராக எடுத்துக்கொள்கிறது. ஸ்டிக்குகள் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டன. படுத்தியதெல்லாம் சுவிட்சுகள்தான்.

முதல் தப்பு, என் நிஜ ரிமோட் ஹெலிக்கு ரேடியோவில் வைத்திருந்த மாடலையே, அதாவது அமைப்புகளின் தொகுப்பையே, காப்பி எடுத்தது. அது ரோட்டரோடு சேர்ந்து சுற்றும் சமநிலைத் தண்டு உள்ள பழைய ஃப்ளைபார் ஹெலி. பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தட்டான சுவாஷ்பிளேட்டை அசைக்கும் மூன்று சர்வோ மோட்டார்களுக்குக் கட்டளைகளைக் கலந்து அனுப்பும் 120 டிகிரி மிக்ஸிங் ரேடியோவிலேயே இருந்தது. பிட்சை (பிளேடுகளின் கோணத்தை) ஏற்றினால் திரையில் ஹெலி சாய்ந்துகொண்டு போய் விழுந்தது. சிமுலேட்டருக்கு எதையும் கலக்காமல், ஒரு கட்டளைக்கு ஒரு தடம் என்று தனித்தனிச் சேனலாகத்தான் அனுப்ப வேண்டும். புதிதாகக் காலி மாடல் ஒன்று போட்டேன். ஸ்டிக் எங்கே இருந்தால் எவ்வளவு மோட்டார் விசை, எவ்வளவு பிட்ச் என்று சொல்லும் த்ராட்டில், பிட்ச் கர்வ்களும் சிமுலேட்டருக்குள் மட்டும்தான்; ரேடியோவில் நேர்கோடு.

அப்புறம் ஐடில் அப், அதாவது ஸ்டிக்கை இறக்கினாலும் ரோட்டர் வேகம் குறையாமல் வைக்கும் பறக்கும் முறை. மூன்று நிலை சுவிட்சை 9ஆவது சேனலில் போட்டிருந்தேன். நார்மல் வந்தது, ஐடில் அப் 2 வந்தது, நடுவில் இருக்கும் ஐடில் அப் 1 மட்டும் வரவே இல்லை. சிமுலேட்டரை இரண்டு முறை அழித்து மறுபடி ஏற்றினேன் என்றால் பாருங்கள். கடைசியில் விண்டோஸின் ரன் பெட்டியில் ஜாய்.சிபிஎல் என்று ஆங்கிலத்தில் தட்டி, கேம் கன்ட்ரோலர் பலகையைத் திறந்து, சுவிட்சை மெதுவாக இறக்கிப் பார்த்தேன். நடுவுக்கு வந்தபோது திரையில் ஒன்றும் அசையவில்லை. முழுக்க இறக்கியதும் ஒரு பட்டன் எரிந்தது.

விஷயம் இதுதான். கிளாசிக் ஜாய்ஸ்டிக் முறையில் முதல் 8 சேனல்கள் இடைப்பட்ட மதிப்புகளையும் காட்டும் அச்சுகளாகப் போகின்றன. 9இலிருந்து எல்லாம் வெறும் பட்டன். சேனலின் மதிப்பு பூஜ்ஜியத்தைத் தாண்டினால்தான் பட்டன் அழுந்தியதாகக் கணக்கு. என் சுவிட்ச் மேலே -100, நடுவில் 0, கீழே +100. ஆக மேலும் நடுவும் கணினிக்கு ஒன்றுதான். 6ஆவது சேனலுக்கு மாற்றினேன், மூன்று நிலையும் வந்துவிட்டன.

மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஹோல்டை ஆரம்பத்தில் எஸ்ஹெச் சுவிட்சில் வைத்தது சுத்த முட்டாள்தனம். அது விரலை எடுத்தால் திரும்பிவிடும் ஸ்பிரிங் சுவிட்ச். மோட்டார் இல்லாமல் இறங்கும் ஆட்டோரொட்டேஷன் பழகும்போது பாதி உயரத்தில் விரல் நழுவியது, மோட்டார் மறுபடி சுற்ற ஆரம்பித்தது! ஹோல்டை இரண்டு நிலை எஸ்எஃப்புக்கு மாற்றிவிட்டு, விழுந்த ஹெலியைச் சிமுலேட்டரில் மறுபடி நிறுத்தும் ரீசெட்டுக்கு எஸ்ஹெச்சைக் கொடுத்தேன். ரீசெட்டுக்கு ஒரு பட்டன் போதும் என்பதால் அது 9ஆவது சேனலிலேயே இருக்கிறது.

ஆனால் நிஜ ஹெலியின் மாடலில் ஹோல்டை மாற்ற மறந்துபோனேன். அங்கே அது வேறு சுவிட்சில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஹெலி தரையைத் தொட்டுச் சாய்ந்தது, பிளேடு புல்லில் அடித்தது, என் விரல் தானாக எஸ்எஃப்பைத் தட்டியது. அதில் இருந்தது ஸ்டிக்கின் வீச்சை மாற்றும் டூயல் ரேட். நின்றுபோன ரோட்டரை மோட்டார் விடாமல் சுற்றப் பார்க்க, மெயின் கியரின் பற்கள் ஒரு பக்கம் மழமழவென்று வழிந்துவிட்டன.

அன்று இரவே எல்லா மாடலிலும் ஹோல்ட் எஸ்எஃப், கீழே தள்ளினால் மோட்டார் நிற்கும் என்று ஒரே மாதிரி ஆக்கினேன். ஹோல்ட் போடாமல் மாடலைத் திறந்தால் ரேடியோ எச்சரிக்கிற மாதிரியும் வைத்திருக்கிறேன். சிமுலேட்டருக்கு எதற்கு இதெல்லாம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மைதானத்தில் பேட்டரி செருகும்போது என் இடது ஆள்காட்டி விரல் ஏற்கெனவே எஸ்எஃப்பைக் கீழே தள்ளியிருக்கிறது. ஹெலி விழுந்தால் வலது விரல் இன்னமும் ரீசெட்டைத் தேடுகிறது, அதற்குத்தான் வழி தெரியவில்லை.