அறுவடைக்கு முன் ஹைட்ராலிக் ஹோஸ் பராமரிப்பு: ஒரு பட்டறையின் வேலை

குறுவை முடிந்தபின் எங்கள் பெல்ட் வகை அறுவடை இயந்திரம் வடகிழக்குப் பருவமழை முழுவதும் கொட்டகையில்தான் நின்றது. சம்பா அறுவடைக்கு இறக்குவதற்கு முன், அழுத்தமேறிய எண்ணெயைக் கொண்டு செல்லும் ஹைட்ராலிக் ஹோஸ்களை (ரப்பர் குழாய்களை) பார்த்துவிட எண்ணி, மன்னார்குடிப் பக்கமுள்ள ஒரு பட்டறையை மார்கழித் தொடக்கத்தில் அழைத்தேன். போன ஆண்டு வேறொரு கடையில் அவசரத்துக்குச் செய்து வாங்கிய ஹோஸ், வயல் நடுவே முனை கழன்று எண்ணெய் முழுவதையும் சேற்றில் கொட்டியிருந்ததால், இம்முறை நேரில் வந்து பார்ப்பவர்களையே தேடினேன்.

வந்தவர் இயந்திரத்தை ஓடவிட்டு, கசிவு இருக்கலாம் என்று தோன்றிய இடங்களில் விரலை வைக்காமல் ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தார். ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். முள் குத்தியதுபோல் தோன்றும் அந்தக் காயத்துக்கு உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும். இது தெரிந்தும் கையால் தடவிப் பார்ப்பவர்களே நம் ஊரில் அதிகம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

வெட்டுப்பகுதியைத் தூக்கும் ஹோஸில் மேல் ரப்பர் வெடித்திருந்தது. இன்னொன்றை எலி கடித்திருந்தது. டேப் சுற்றினால் போதாதா என்று கேட்டேன். அழுத்தத்தைத் தாங்குவது உள்ளிருக்கும் கம்பிப் பின்னல் என்பதையும், மேல் ரப்பர் பிளந்தால் ஈரம் இறங்கி அது துருப்பிடிக்கும் என்பதையும் அவர் வெட்டிய துண்டிலேயே காட்டினார். மற்ற ஹோஸ்களை இப்போது மாற்றத் தேவையில்லை என்று அவரே சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது.

பட்டறையில் நடந்த வேலைதான் இந்த மதிப்பீட்டை எழுத வைத்தது. 275 பார் (பார் என்பது அழுத்த அலகு) வேலை அழுத்தத்துக்கான அரை அங்குல இரட்டைக் கம்பிப் பின்னல் ஹோஸை எடுத்து, அதன்மேல் அச்சிடப்பட்டிருந்த தரக் குறியீட்டையும் தயாரித்த ஆண்டையும் முதலில் என்னிடம் காட்டினார்கள். அறுத்தபின், காற்றழுத்தத்தால் ஒரு பஞ்சுக் குண்டை உள்ளே செலுத்தித் தூளை வெளியேற்றினார்கள். அந்த ரப்பர் தூளும் கம்பித் துணுக்கும் உள்ளேயே தங்கினால் வால்வையும் பம்பையும் கெடுத்துவிடும். ஹோஸின் உலோக முனையை அதற்கான அழுத்து இயந்திரத்தில் இறுக்கிய பிறகு, அதன் விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, இரு பக்கமும் மூடி போட்டார்கள். போன ஆண்டுக் கடையில் சுத்தமும் செய்யவில்லை, அளக்கவும் இல்லை.

பொருத்தும்போது அழுத்தத்தில் ஹோஸ் சற்றுச் சுருங்கக்கூடும் என்பதற்காகக் கொஞ்சம் தளர்வு விட்டதும், முறுக்கு விழாதபடி இரண்டு ஸ்பானர் பிடித்து, மேலுள்ள அச்சு வரி நேராக ஓடுகிறதா என்று பார்த்ததும் நல்ல தொழிலாளியின் கைப்பழக்கம்.

குறைகளும் உண்டு. அரை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டணமும் மற்ற கடைகளைவிட அதிகம். வடியும் எண்ணெயைப் பிடிக்கப் பாத்திரம் கொண்டு வராததால் எங்கள் மாட்டுத் தொட்டி வீணாயிற்று. ரசீதில் ‘ஹோஸ் 2’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. அளவையும் தேதியையும் நானே கேட்டு, பெயிண்டால் இயந்திரத்தின் மேல் எழுதி வைத்திருக்கிறேன். பொங்கல் நெருங்கிவிட்டால் அங்கே கூட்டம் கூடிவிடுமாம். மார்கழி பாதிக்குள் போய்விடுங்கள்.