“போர்டு செத்துப்போச்சு” என்று 7,850 ரூபாய்: வீட்டுக்கு வரும் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆட்களிடம் கவனம்

7,850 ரூபாய். மாற்ற வேண்டியிருந்தது கம்ப்யூட்டர் மதர்போர்டில் இருக்கும் ஒரு பட்டன் பேட்டரி. சி.ஆர்.2032. பெரும்பாலான கடைகளில் ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஆளை அனுப்பிய செயலியின் (ஆப்) பெயரைப் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. ஏ.சி.க்கும் வாஷிங் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்புகிற வகைச் செயலி, அவ்வளவு தெரிந்தால் போதும்.

கம்ப்யூட்டர் திருச்சியில் அம்மா வீட்டில் இருக்கிறது. ஐ5-4570 பிராசஸர், பெயர் பெற்ற கம்பெனியின் எச்81 மதர்போர்டு, நாலு ஜி.பி. டி.டி.ஆர்.3 ரேம் இரண்டு. விண்டோஸ் 10 இருப்பது 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில், போட்டோக்கள் ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்கில். ஒரு வாரம் வெளியூர் போனபோது அம்மா சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’, அதாவது விண்டோஸைத் தொடங்க டிஸ்க் கிடைக்கவில்லை.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் வரை எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரமே போர்டின் கடிகாரத்தையும் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடி டிஸ்கைத் தேடும் மென்பொருள்) செட்டிங்கையும் காப்பாற்றிக்கொள்ளும். பட்டன் பேட்டரிக்கு வேலை வருவது மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகுதான். அதனால் பேட்டரி எப்போதோ செத்திருந்தாலும் வெளியே தெரியாது. ஒரு நாள் சுவரில் அணைத்தீர்கள் என்றால் தேதி பின்னால் போய்விடும், செட்டிங் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்ட மெஷினில் இரண்டு டிஸ்க் இருந்தால், பயாஸ் முதலில் நிற்கும் டிஸ்கை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று கைவிரிக்கும். ஹார்ட் டிஸ்க் முதலிடத்துக்கு வந்துவிட்டது, எஸ்.எஸ்.டி. பின்னால் போய்விட்டது. விஷயம் இவ்வளவுதான்.

டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போகச் சொன்னேன். அம்மா போட்டோ எடுத்து அனுப்பினார். தேதி 2014 ஜனவரி. மெமரி 8192 எம்.பி. இரண்டு டிஸ்கும் பட்டியலில் பத்திரமாக இருந்தன. இந்தப் போட்டோதான் இப்போது என்னிடம் இருக்கிற ஒரே உருப்படியான சாட்சி. திரையில் எழுத்து வந்துவிட்டது என்றாலே பிராசஸர், ரேம், போர்டு, டிஸ்ப்ளே எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். எழுத்து போடுகிற போர்டை ‘டெட்’ என்று எவனாவது சொன்னால் அங்கேயே கதவைச் சாத்துங்கள்.

டிஸ்க் வரிசையை போனிலேயே மாற்ற வைத்திருக்கலாம். ஆனால் பேட்டரி மாற்றாமல் ஸ்விட்சை அணைத்தால் மறுபடி போய்விடும், கேபினெட்டைத் திறக்கவோ அம்மாவுக்குப் பயம். அதனால் செயலியில் புக் செய்தேன். குறிப்புப் பெட்டியில் தெளிவாகவே எழுதினேன்: சீமாஸ் பேட்டரி (அதே பட்டன் பேட்டரிதான்) மாற்ற வேண்டும், எஸ்.எஸ்.டி.யை முதல் பூட் டிஸ்காக வைக்க வேண்டும். வேறு வேலை இல்லை.

சனிக்கிழமை ஆள் வந்தான். செயலி பெயர் போட்ட டீ-ஷர்ட், கழுத்தில் ஐ.டி. கார்டு, நல்ல மரியாதையான பேச்சு. அம்மா காபி போட உள்ளே போயிருக்கிறார். பத்து நிமிடத்தில் எனக்கு வீடியோ கால்.

“சார், பேட்டரி மாத்திப் பாத்தாச்சு, டிஸ்ப்ளேயே வரல. கார்டு போட்டுக் காட்டறேன், நீங்களே பாருங்க.”

ஸ்லாட்டில் செருகினால் கோளாறைக் குறியீடாகக் காட்டுகிற சின்ன டயக்னாஸ்டிக் கார்டு. அதில் சிவப்பில் ‘00’. ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு.

நான் ஏமாந்த இடம் இதுதான். 00 என்றால் பிராசஸர் முதல் கட்டளையைக்கூட ஓட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. அவன் விளக்கவே தேவைப்படவில்லை, “போர்டு போயிருக்கும்மா, பழசுதானே” என்று அம்மாவுக்கு நானே எடுத்துச் சொன்னேன். திருடனுக்கு ஏணி பிடித்தது நான்!

“ஆப்ல பார்ட் ஆர்டர் பண்ணா நாலு நாள் ஆகும் சார். என்கிட்ட ஒரு போர்டு ஸ்டாக் இருக்கு. இன்னைக்கே முடிச்சுத் தரேன்” என்றான். போர்டு 4,900, ‘டேட்டா ரெக்கவரி’ 1,500, விண்டோஸ் 800, கூலி 400. மொத்தம் 7,600, அவனுடைய சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு. செயலிக்குத் தனியாகப் பரிசோதனைக் கட்டணம் 250. ஆக 7,850. போகும்போது அம்மாவிடம் ஓ.டி.பி. வாங்கி வேலையை முடித்துக்கொண்டான். பழைய போர்டையும் ‘கிடந்தா குப்பைதானேம்மா’ என்று எடுத்துப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா போன் செய்கிறார். திங்கள் இரவு சுவரில் அணைத்திருக்கிறார். திரையில் மறுபடியும் ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’. 7,850 ரூபாய் கொடுத்த பிறகு அதே வரி.

வியாழன் இரவு பஸ் ஏறி, வெள்ளிக்கிழமை நானே கேபினெட்டைத் திறந்தேன்.

போர்டில் கம்பெனி பெயரே இல்லை, எச்81 என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. பழையதில் ஜிகாபிட் நெட்வொர்க் இருந்தது, இதில் 100 எம்.பி.பி.எஸ். தாண்டாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி 4 ஜி.பி., இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது. இன்னொரு நாலு ஜி.பி. அவன் பையில் போயிருக்கிறது. விண்டோஸை என்னைக் கேட்காமல் எஸ்.எஸ்.டி.யை அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறான். முன்பு இருந்த டிஜிட்டல் லைசென்ஸ் பழைய போர்டோடு பிணைந்தது, அதுவும் போச்சு. அதற்குப் பதிலாக லைசென்ஸ் இல்லாமல் ஓட்டும் ஏதோ கிராக். வைரஸ் தடுக்கும் டிஃபெண்டரைத் திறந்தால் சி டிரைவ் முழுவதையும் சோதிக்க வேண்டாத விலக்குப் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறான். அம்மா பென்ஷன் கணக்கு பார்க்கிற மெஷின் அது. முதல் வேலையாக எல்லாவற்றையும் துடைத்துவிட்டு சுத்தமான விண்டோஸ் போட்டேன், பாஸ்வேர்டுகளை என் மெஷினிலிருந்து மாற்றினேன்.

‘ரெக்கவரி’ செய்த ஹார்ட் டிஸ்கின் ஸ்மார்ட் கணக்கை, அதாவது டிஸ்க் தன் கோளாறுகளைத் தானே எண்ணி வைக்கும் பதிவை, பார்த்தேன். ரீஅலோகேட்டட் செக்டர் 0, பெண்டிங் செக்டர் 0. ஒரு கோளாறும் இல்லாத டிஸ்கிலிருந்து எதை மீட்டான் என்று தெரியவில்லை, 1,500 ரூபாயை மீட்டிருக்கிறான்.

பட்டன் பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். 2.41 வோல்ட். புதியது 3 வோல்ட்டுக்கு மேலே காட்ட வேண்டும். நான் கேட்ட ஒரே ஒரு வேலையை மட்டும் அவன் செய்யவில்லை.

பிறகுதான் வீடியோ காலில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 00 காட்டுகிற கார்டுக்குப் பின்னால், ஹீட் சிங்க் பக்கத்தில், இரண்டு மஞ்சள் இரண்டு கறுப்பு வயர் கொண்ட நாலு பின் கனெக்டர் அந்தரத்தில் தொங்குகிறது. பிராசஸருக்கு 12 வோல்ட் போகிற வயர் அது. அதைக் கழற்றிவிட்டால் 24 பின் கனெக்டர் வழியாக ஃபேன் சுற்றும், டிஸ்க் சுற்றும், பிராசஸருக்கு மட்டும் மின்சாரம் இருக்காது. கார்டைப் பொறுத்து 00, எஃப்எஃப், இல்லையென்றால் வெறும் கோடு காட்டும். கார்டு பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே பிராசஸர் ஓடவில்லை, ஏனென்றால் அவன்தான் சாப்பாட்டை நிறுத்தியிருந்தான்.

அன்றே அவனுக்கு போன் போட்டேன். “பழைய போர்டு ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்.” ரேம் எங்கே? “ஒரு ரேம் ஷார்ட் சார், அதுதான் போர்டையே அடிச்சுது.” ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அதன்பிறகு எண் தொடர்பு எல்லைக்கு வெளியே.

செயலியின் உதவி மையத்தில் முதல் நாற்பது நிமிடம் தானியங்கிப் பதில். பிறகு ஒரு பெண் வந்தார். “உங்க சிரமம் புரியுது சார், ஆனா எங்க பதிவுல 250 ரூபாய் பரிசோதனைக் கட்டணம் மட்டும்தான் இருக்கு.” ஜாப் ஷீட் கேட்டு வாங்கினேன். ‘வாடிக்கையாளர் ரிப்பேர் வேண்டாம் என்றார்’ என்று போட்டு மூடியிருக்கிறான். அதற்குத்தான் அந்த ஓ.டி.பி.! மீதி 7,600 “நீங்களும் டெக்னீஷியனும் தனியா பேசிக்கிட்டது சார்” என்றார்கள். மேலதிகாரியைக் கேட்டால் 24 மணி நேரத்தில் கூப்பிடுவார்களாம். கூப்பிடவில்லை. மறுபடி நான் அழைத்தால் புதிய ஆள், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

என்னென்ன கோளாறுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று முழுப் பட்டியல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது தலை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்.

ஃபேன் சுற்றி டிஸ்ப்ளே வராவிட்டால், ஆளைக் கூப்பிடும் முன் அந்த மஞ்சள்-கறுப்பு கனெக்டர் அழுந்தச் செருகியிருக்கிறதா பாருங்கள், புதிய போர்டுகளில் எட்டு பின். மெயினை அணைத்துவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிறப் பல்லை அழிரப்பரால் துடைத்து, ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும், போர்டில் இல்லை.

ஒன்றுமே சுற்றவில்லையா, எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகக் கழற்றி 24 பின்னில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தால் அதன் ஃபேன் ஓட வேண்டும். ஓடினாலே நல்லது என்று அர்த்தமில்லை, மஞ்சள் வயரில் 11.4க்கும் 12.6க்கும் நடுவே இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

ஆள் வருகிறார் என்றால், திறக்கும் முன் உள்ளே போட்டோ எடுங்கள்: போர்டின் சீரியல் எண், ரேம் ஸ்டிக்கர், டிஸ்க் லேபிள். யாராவது ஒருவர் கடைசிவரை பக்கத்தில் உட்காருங்கள். காபி அப்புறம் போடலாம்.

சொந்த யு.பி.ஐ.க்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

நேற்று 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் கொடுத்துவிட்டேன். செயலியின் குறைதீர் அதிகாரிக்கும் தனியாக மெயில் போயிருக்கிறது. 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

சேர்க்கை, ஞாயிறு இரவு: உதவி மையத்திலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. ‘நல்லெண்ண அடிப்படையில்’ அடுத்த புக்கிங்குக்கு 250 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். 30 நாளில் காலாவதி.