பணம் வந்துவிட்டது என்று நம்பி ஐட்டத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கேமில் சேர்த்த பொருளை நிஜப் பணத்துக்கு விற்கலாம் என்று யோசிப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். எனக்குப் பணம் வராமல் போகவில்லை. வந்த பணம் 47 நாள் கழித்துத் திரும்பிப் போய்விட்டது.

நான்கு வருடமாக ஒரு ஆன்லைன் கேம் ஆடிவந்தேன். பெயர் வேண்டாம். அதில் என்னிடம் ஒரு அபூர்வமான வாள் இருந்தது, கில்டு (சேர்ந்து ஆடும் குழு) நண்பர்களோடு ராத்திரி ராத்திரியாக ஒரே பாஸை, அதாவது கேமில் வரும் பெரிய எதிரியை, அடித்து அடித்துக் கிடைத்த வாள். வேலை மாறியதில் ஆட நேரமில்லாமல் போனது. சரி, வாளையும் சேர்த்துவைத்த கோல்டையும் (கேமுக்குள் புழங்கும் காசு) விற்றுவிடலாம் என்று சொல்லி வைத்தேன், ஒருவர் மெசேஜ் அனுப்பினார்.

முதலில் கொஞ்சம் கோல்டு மட்டும் வாங்கினார், பணம் அடுத்த நிமிடமே வந்தது. இரண்டு நாள் கழித்து வாளைக் கேட்டார். நான் சொன்ன விலைக்குப் பேரமே பேசவில்லை, அவசரம் மட்டும் இருந்தது. பணம் வேறொருவர் பெயரிலிருந்து வந்தது, கேட்டதற்கு அண்ணனின் கணக்கு என்றார், நானும் விட்டுவிட்டேன். வாளை வாங்கிக்கொண்ட கேரக்டர் அன்றுதான் உருவாக்கியது போல லெவல் ஒன்றில் நின்றது. இவ்வளவும் கண் முன்னால் நடந்தும், பணம்தான் கணக்கில் ஏறிவிட்டதே என்ற நினைப்பில் எதையும் யோசிக்கவில்லை.

ஏழாவது வாரம் பேமென்ட் சேவையிலிருந்து ஒரு மெயில். கார்டுக்கு உரியவர் 'இந்தப் பணத்தை நான் அனுப்பவில்லை' என்று வங்கியில் புகார் கொடுத்திருக்கிறார், தொகை பிடித்தம் செய்யப்பட்டது. இதைத்தான் சார்ஜ்பேக் என்கிறார்கள். திருடிய கார்டில் எனக்குப் பணம் கொடுத்திருக்கிறான். பாதிப் பணத்தை நான் ஏற்கனவே செலவழித்திருந்ததால் என் கணக்கு மைனசில் போனது, மேலே ஒரு கட்டணமும் போட்டார்கள்.

கேமுக்குள் பொருள் கைமாறும் ட்ரேட் விண்டோவின் ஸ்கிரீன்ஷாட், சாட் முழுவதும், தேதி, நேரம் எல்லாம் பேமென்ட் சேவைக்கு அனுப்பினேன். பார்சல் அனுப்பியதற்கான டிராக்கிங் எண் கேட்டார்கள். கேமுக்குள் கைமாறிய வாளுக்கு டிராக்கிங் எண்ணுக்கு எங்கே போவேன்? தொட முடியாத பொருளுக்கு விற்பவர் பாதுகாப்பு பொருந்தாது என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள்.

கேம் நிறுவனத்திடம் போனது அதைவிடப் பெரிய தப்பு. வெளியே பணத்துக்கு விற்பதே விதிமீறல் என்று வாளைத் திருப்பித் தராததோடு என் அக்கவுண்டையும் முடக்கிவிட்டார்கள். அப்புறம்தான் ஒப்பந்தத்தைப் படித்தேன்: கேமில் இருக்கும் எதுவும் நமக்குச் சொந்தமே இல்லை, பயன்படுத்த அனுமதி மட்டும்தான். பெரும்பாலான கேம்களில் இதே கதைதான். ஏமாற்றுபவனுக்கு இது நன்றாகத் தெரியும், புகார் சொல்லப் போனால் நாமே மாட்டுவோம் என்பதை நம்பித்தான் அவன் வருகிறான். இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

'நண்பருக்கு அனுப்பும் பணம்' என்ற வகையில் அனுப்பச் சொன்னால் திரும்பப் பிடிக்க மாட்டார்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நம்பாதீர்கள். கார்டோ கணக்கோ திருட்டு என்றால் அந்தப் பணமும் போய்விடும். கார்டு பணத்தில் புகார் எழுப்ப உரியவருக்குப் பொதுவாக 120 நாள் வரை நேரம் உண்டு, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதி அடைவதில் அர்த்தமே இல்லை.

கேம் தயாரிப்பவர்களே நடத்தும் வழி இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டயாப்லோ 3 கேமில் 2012-ல் நிஜப் பண ஏலச் சந்தையே இருந்தது, 2014 மார்ச்சில் மூடிவிட்டார்கள். கேம் விற்கும் தளமான ஸ்டீமின் சந்தையில் விற்றால் பணம் ஸ்டீம் வாலட்டிலேயே கிடக்கும், வங்கிக்கு எடுக்க முடியாது. அந்தப் பணத்தில் வேறு கேம் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கையில் காசு வேண்டும் என்று வெளியே வருகிறவர்களைத்தான் இந்த ஆட்கள் பிடிக்கிறார்கள், நானும் அப்படித்தான் மாட்டினேன்.

போன வாரம் என் கில்டில் ஒரு பையனுக்கு மெசேஜ் வந்திருக்கிறது. முதலில் கொஞ்சம் கோல்டு போதும், பணம் உடனே அனுப்புகிறேன், அண்ணன் கணக்கிலிருந்து வரும் என்று. நல்லவேளை, அவன் பதில் போடுவதற்கு முன் என்னிடம் கேட்டான்.