ஊசி போட்ட தம்பிக்கு ஐந்து ஸ்டார், ரிப்போர்ட்டுக்கு இரண்டு

அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட இளைப்பு தரும் நுரையீரல் நோய்) என்று டாக்டர் சொல்லி நான்கு வருஷம் ஆகிறது. முப்பது வருஷம் மில்லில் வேலை, அதற்கு மேல் பீடி. பீடியை விட்டே ஆறு வருஷம் இருக்கும், இளைப்பு மட்டும் அவரை விடவில்லை. நாலு படி ஏறினாலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதரை ஆட்டோவில் ஏற்றி லேபில் வரிசையில் உட்காரவைக்க மனசு வராமல், கோவையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு லேபில், ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் டெஸ்டுக்குப் பதிவு செய்தேன். நான்கு மாதத்தில் மூன்று முறை வந்துவிட்டார்கள். திட்டவும் விஷயம் இருப்பதால் பெயர் போடவில்லை.

முதல் தடவை 7 மணி என்றார்கள், வந்தது 9.15. போனில் பேசிய பெண் வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னதால் அப்பா டீ கூடக் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்த தம்பி சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குங்க பட்டினி? சாப்பிட்டே இருக்கலாமே" என்றான். எனக்கு வந்த கோபத்தை அவன் ஊசி போட்ட விதம்தான் தணித்தது. ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி சாப்பிட்டு அப்பாவின் கைத்தோல் பட்டுத்தாள் மாதிரி ஆகிவிட்டது, தொட்டாலே கன்றிப்போகும், போன முறை ஒரு இடத்தில் மூன்று குத்து குத்தினார்கள். இவன் ஒரே குத்து. "இருக்கறதே கொஞ்சம், பாத்து எடு கண்ணு" என்று அப்பா சொல்ல, "ரெண்டே மில்லிதானுங்க ஐயா" என்று சிரித்தபடி ஊதா மூடி போட்ட குழாயில் பிடித்து, குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்து எடுத்தான். குலுக்கினால் செல் உடைந்துவிடுமாம். இந்தத் தம்பிக்குத்தான் ஐந்து ஸ்டார்.

சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். மொத்த வெள்ளை அணுக்கள் 8,400. அதில் வகைவாரியாக நியூட்ரோஃபில் 66, லிம்போசைட் 24, மோனோசைட் 6, ஈசினோஃபில் 4 சதவீதம். அளவு மீறினால் தடித்த எழுத்தில் போடுவார்கள், அப்படி எதுவும் இல்லை. "எல்லாம் நார்மல்னா அப்புறம் எதுக்குடா இந்த இளைப்பு?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி.

நெஞ்சக டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வெள்ளை அணுக்களுக்கு ரத்தம் வெறும் பாதைதான், வேலை நடப்பது நுரையீரலில். புகை உள்ளே போகப்போக அங்கே காவலுக்கு இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் ரசாயனம் சுரந்து நியூட்ரோஃபில்களைக் கூப்பிடுகின்றன. வருகிறவை கிருமியை அழிக்க வைத்திருக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டுகின்றன, அது காற்றுப்பைகளை ரப்பர் மாதிரி சுருங்கி விரியவைக்கும் எலாஸ்டினையே அரித்துவிடுகிறது. இதைத் தடுக்க ஈரல் ஆல்ஃபா 1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தை அனுப்புகிறது, புகை அதையும் முடக்கிவிடும். அந்தப் புரதம் பிறவியிலேயே குறைவாக இருந்தவர்களை 1963இல் ஸ்வீடனில் கண்டுபிடித்த பிறகுதான் இந்தக் கணக்கே பிடிபட்டதாம். பீடியை விட்டாலும் வந்த கூட்டம் முழுசாகக் கலைவதில்லை. ஆக, ரத்தத்தில் எண்ணிக்கை ஒழுங்காக இருப்பது அப்பாவின் நுரையீரலுக்குக் கொடுத்த நற்சான்றிதழ் இல்லை.

சரி, லேபுக்கு வருகிறேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்ததும் போனில் கால்குலேட்டரைத் திறந்தார். 8,400இல் 4 சதவீதம், 336. "இதைப் போட மாட்டாங்களா இவங்க?" என்று அலுத்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது சதவீதம் இல்லை, ஒரு மைக்ரோலிட்டரில் எத்தனை ஈசினோஃபில் என்பது. அடிக்கடி மூச்சுத்திணறல் முற்றுகிற சி.ஓ.பி.டி.காரர்களுக்கு அது 300க்கு மேல் இருந்தால் இன்ஹேலரில் ஸ்டீராய்டு சேர்ப்பது நன்றாகப் பலன் தரும். 100க்குக் கீழே என்றால் பலன் சொற்பம், நிமோனியா வரும் ஆபத்துதான் மிச்சம். நடுவில் இருந்தால் டாக்டர் யோசித்து முடிவெடுப்பார். அப்பாவின் இன்ஹேலரை மாற்றவைத்த எண், ரிப்போர்ட்டில் "1 முதல் 6 வரை நார்மல்" என்று சாதுவாக உட்கார்ந்திருந்தது! ஒரே ஒரு பெருக்கல். கேட்டால் "அப்சல்யூட் கவுன்ட் தனி டெஸ்ட் சார், 150 ரூபாய்" என்கிறார்கள். மெஷின் இந்த எண்ணையும் சேர்த்தேதான் கொடுக்கிறது, இவர்கள்தான் அச்சடிப்பதில்லை.

லேபில் போன் எடுக்கும் அதே பெண் "ஐயாவுக்கு ஈசினோபீலியா இல்லீங்க" என்று, அதாவது ஈசினோஃபில் அளவுக்கு மேல் இல்லை என்று, ஆறுதலும் சொன்னார். நம் ஊரில் வீசிங் வந்த பாதிப் பேர் தனக்கு ஈசினோபீலியா என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். யானைக்கால் புழுவால் வருகிற நுரையீரல் ஈசினோபீலியா ஒன்று இருக்கிறது, அதில் எண்ணிக்கை 3,000ஐத் தாண்டும், மருந்தே வேறு. அதுவும் அப்பாவின் 336உம் ஒன்றல்ல.

இரண்டாம் தடவைதான் என் பொறுமை போனது. மூச்சுத்திணறல் அதிகமாகி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை டாக்டரம்மா ஐந்து நாளுக்கு எழுதியிருந்தார், நாலாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். மொத்தம் 14,200, நியூட்ரோஃபில் 88, ஈசினோஃபில் 0. இந்த முறை எல்லாம் தடித்த எழுத்து. லேபின் "இலவச ஆலோசனை" டாக்டர் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டு, கடுமையான இன்ஃபெக்‌ஷன், உடனே ஆன்டிபயாடிக் என்று பயமுறுத்தினார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில்களை ஸ்டீராய்டு அவிழ்த்து ஓட்டத்தில் விட்டுவிடும், ஈசினோஃபில்களைச் சில மணி நேரத்திலேயே காணாமல் அடித்துவிடும். எங்கள் டாக்டரம்மா காய்ச்சல் இல்லை, சளி வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார், எண்ணிக்கை இறங்கிவிட்டது. லேபின் படிவத்தில் சர்க்கரை, பி.பி., சாப்பாட்டு நேரம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு, மாத்திரைக்கு இல்லை.

மூன்றாவது, மாத்திரை முடிந்து ஒரு மாதம் கழித்து. ஈசினோஃபில் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும் என்பதால் முதல் முறை எடுத்த அதே ஒன்பது மணிக்குக் கேட்டேன், 9.10க்கு வந்தார்கள். அப்சல்யூட் எண் வேண்டும் என்று சண்டைக்குத் தயாராகத்தான் போன் செய்தேன். ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் லேப் டாக்டரான பேதாலஜிஸ்ட் அம்மாவே லைனில் வந்து, பத்து நிமிஷத்தில் ஐந்து வகைக்கும் எண்ணிக்கை போட்ட இன்னொரு பிரதியை அனுப்பினார், காசு வாங்கவில்லை. ஈசினோஃபில் 395. ஒரு ஸ்டார் கொடுக்க இருந்தவன் இரண்டாக்கியது அவருக்காக.

பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள், 150 ரூபாய் தண்டம் கட்டாதீர்கள். அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான்.