யுஎஸ்ஏ டான்ஸ் உறுப்பினர் அட்டை: பால்ரூம் போட்டியாளருக்கு எங்கே உதவும், எங்கே உதவாது

அமெரிக்காவில் வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் போன்ற பால்ரூம் ஜோடி நடனங்கள் ஆடுபவர்களிடம், அமெச்சூர் ஆட்டக்காரர்களின் தேசியச் சங்கமான யுஎஸ்ஏ டான்ஸுக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்டால் இரண்டு பதில்தான் வரும். "அது இல்லாம எப்படிப் போட்டிக்குப் போவீங்க?" என்பார் ஒருவர். "எதுக்குத் தண்டச் செலவு?" என்பார் அடுத்தவர். இரண்டு பேர் சொல்வதும் சரி. நீங்கள் யாரோடு ஜோடி சேர்ந்து ஆடுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் பதில் மாறும்.

ஸ்டுடியோ ஆசிரியரையே ஜோடியாக வைத்து ஆடும் புரோ-ஆம் முறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் நேஷனல் டான்ஸ் கவுன்சில் ஆஃப் அமெரிக்கா, அதாவது என்டிசிஏ, அங்கீகரித்த போட்டிகளுக்குப் போகிறார்கள். அங்கே ஒவ்வொரு நடனத்துக்கும் தனித்தனிக் கட்டணம். ஆசிரியரின் நாள் கூலி, பயணம், அறை வாடகை எல்லாம் மாணவர் தலையில். இவர்களுக்கு யுஎஸ்ஏ டான்ஸ் அட்டையால் பெரிய லாபம் இல்லை. கணவன் மனைவி, கல்லூரி நண்பர்கள், அக்கம்பக்கத்து ஜோடி என்று இருவருமே அமெச்சூராக ஆடுபவர்களுக்குத்தான் இந்தச் சங்கம் உயிர்நாடி. பங்கேற்புச் செலவு பாதிக்கும் கீழே இறங்குவதற்கு முதல் காரணம், ஜோடிக்குச் சம்பளம் இல்லை என்பதே.

சங்கம் 1965-இல் அமெச்சூர் பால்ரூம் ஆட்டக்காரர்களின் அமைப்பாகத் தொடங்கியது. பால்ரூமை ஒலிம்பிக்ஸுக்குக் கொண்டுபோவதுதான் அன்றைய கனவு. உலக நடன விளையாட்டுக் கூட்டமைப்பான டபிள்யூடிஎஸ்எஃப்-க்கு ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரம் 1997-இல் கிடைத்தது. ஆனால் அந்தக் கூட்டமைப்பின் வழியே 2024 பாரிஸில் அரங்கேறியது பிரேக்கிங் என்னும் பிரேக் டான்ஸ். வால்ட்ஸ் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸில் பிரேக்கிங்கும் கிடையாது.

சந்தா கட்டும்போது முதலில் தடுக்கிவிழும் இடம் உறுப்பினர் வகை. சோஷியல் டான்சர் என்று ஒரு வகை, போட்டியாளருக்கு அத்லெட் என்று வேறொரு வகை, மாணவருக்கும் சிறுவருக்கும் தனி வகைகள். சோஷியல் மலிவு என்பதால் பலர் அதை எடுத்துவிட்டு, போட்டிப் பதிவு கடைசி நாளில் பெயர் ஏறவில்லையே என்று முழிக்கிறார்கள். ஜோடியில் ஒருவர் மட்டும் அத்லெட்டாக இருந்தால் போதாது, இருவருக்கும் வேண்டும். பதிவு செய்த நாளில் இல்லை, ஆடும் நாளில் உறுப்பினர் காலம் முடியாமல் இருக்க வேண்டும். மார்ச்சில் பதிவு, ஏப்ரலில் போட்டி, இடையில் சந்தா தீர்ந்துவிட்டது என்றால் பதிவு மேஜையில் வரிசையை விட்டு விலகி நின்று போனில் புதுப்பிக்க வேண்டியதுதான்.

அடுத்தது சேஃப்ஸ்போர்ட். விளையாட்டில் பாலியல் அத்துமீறலைத் தடுக்க வந்த 2017-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 18 வயது தாண்டிய போட்டியாளர்களும் இந்த இணையப் பயிற்சியை முடிக்க வேண்டும். முதல் முறை ஏறக்குறைய 90 நிமிடம், அடுத்தடுத்த ஆண்டுகளில் சுமார் அரை மணி நேரப் புதுப்பிப்பு. வீடியோவை ஓட்டிவிட்டு முடிவுக்குத் தாவ முடியாது. சங்கக் கணக்கில் ஒரு மின்னஞ்சலும் பயிற்சித் தளத்தில் இன்னொன்றும் கொடுத்தால் சான்றிதழ் உங்கள் பெயரோடு சேராது. பயிற்சி முடித்திருப்பீர்கள், ஆனால் கணக்கில் சிவப்புக் குறி அப்படியே இருக்கும். போட்டிக்கு முந்தைய ராத்திரி இதைத் தொடங்காதீர்கள்.

மருந்து விஷயத்தை யாரும் பேசுவதில்லை, பேசியே ஆக வேண்டும். உலகக் கூட்டமைப்பு ஊக்கமருந்துத் தடை விதிகளை ஏற்றுக்கொண்டது என்பதால் அவை இங்கேயும் பொருந்தும். மூத்தோர் பிரிவில் ஆடும் பலர் ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயாசைடு கலந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது சிறுநீர் பெருக்கி என்பதால் போட்டி நாள், சாதாரண நாள் என்ற வேறுபாடே இல்லாமல் தடைப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு மருத்துவ விலக்கு வாங்க வேண்டும். துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் தடை செய்த பீட்டா பிளாக்கர்களுக்கு நடனத்தில் தடை இல்லை. ஆஸ்துமா இன்ஹேலரான சால்பூட்டமால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600 தாண்டாமல் இழுக்கலாம். அதுவே மாத்திரையாக விழுங்கினால் தடை. மூக்கடைப்புக்குப் பார்மசியில் கவுன்டருக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தரும் சூடோஎஃபெட்ரின், போட்டியின்போது சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் சிக்கல். குளோபல் டிஆர்ஓ தளத்தில் மருந்தின் பெயரைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் விடை வந்துவிடும்.

சந்தாவுக்கு ஈடாகக் கிடைப்பதில் உண்மையான சரக்கு, நிலை வகுக்கும் ஏணிதான். நியூகமர், பிரான்ஸ் (அதாவது வெண்கலம்), சில்வர், கோல்ட், அதற்கு மேல் நோவிஸ், பிரீ-சாம்பியன்ஷிப், சாம்பியன்ஷிப். கோல்ட் வரை சிலபஸில் உள்ள ஃபிகர்களை, அதாவது பெயர் வைத்த அடித் தொகுதிகளை, மட்டுமே ஆட வேண்டும். நோவிஸிலிருந்து கட்டுப்பாடு இல்லை. ஏணி ஒழுங்காக இருந்தால்தான் ஆறு மாதம் ஆடியவர் ஆறு வருடம் ஆடியவரிடம் அடி வாங்காமல் தப்பிப்பார்.

கோளாறு வருவது இங்கேதான். ஸ்டுடியோக்கள், குறிப்பாகக் கிளை பரப்பிய சங்கிலி ஸ்டுடியோக்கள், தங்களுக்கென்று சொந்தப் பாடத்திட்டம் வைத்திருக்கின்றன. அவர்களின் பிரான்ஸ் வேறு, போட்டி பிரான்ஸ் வேறு. இன்டர்நேஷனல் வால்ட்ஸில் விங், ஓப்பன் டெலிமார்க், ஓப்பன் இம்பீட்டஸ் எல்லாம் சில்வர். கான்ட்ரா செக், ஃபாலவே ரிவர்ஸ் அண்ட் ஸ்லிப் பிவட் இரண்டும் கோல்ட். பார்க்க அழகாக இருக்கிறது என்று ஆசிரியர் மூன்றாம் மாதமே விங் கற்றுக்கொடுத்துவிடுவார். ஜோடி அதை பிரான்ஸ் நிலையில் வைத்து ஆடும். ஃப்ளோர் ஓரத்தில் நின்று விதிமீறலைக் கண்காணிக்கும் இன்விஜிலேட்டர் குறித்துக்கொள்வார். அமெரிக்கன் ஸ்மூத் என்ற பாணியில் பொறி இன்னும் நுட்பமானது: பிரான்ஸ் நிலையில் ஃபிகரின் முடிவில் கால் சேர வேண்டும், சேராமல் கடந்து போகும் தொடர்ச்சி நடை சில்வருக்குரியது. ஃபாக்ஸ்ட்ராட் நன்றாக ஆடுபவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், கால் தானாகவே கடந்துவிடும்.

இதற்கு வழி சுலபம். உங்கள் ரொட்டீனை ஃபிகர் ஃபிகராக ஒரு தாளில் எழுதுங்கள். சங்கம் வெளியிட்டிருக்கும் அந்த ஆண்டின் சிலபஸ் பட்டியலோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். பெயர் தெரியாத ஃபிகர் இருந்தால் ஆசிரியரிடம் "இது எந்தப் பட்டியலில் எந்த வரி?" என்று கேளுங்கள். "எல்லாரும் ஆடறாங்க" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

கல்லூரிப் போட்டிகளில் ஆடும் மாணவர்களுக்குப் புள்ளிக் கணக்கு ஒன்று உண்டு. பெரிய பிரிவில் முதலிடத்துக்கு 3 புள்ளி, ஒரு நிலையில் 7 புள்ளி சேர்ந்தால் அந்த நிலையை விட்டு மேலே போக வேண்டும். புள்ளி ஜோடிக்குச் சேராது, ஆளுக்குத் தனி. நடனத்துக்கும் தனித்தனி. ஜோடி மாறினாலும் உங்கள் புள்ளி உங்களோடு வரும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனித் தொல்லை: ஒரு போட்டியில் அப்பா பெயர் பின்னால், அடுத்ததில் முன்னால், இன்னொன்றில் இனிஷியல் என்று பதிந்தால், கணினி மூன்று பேராக எண்ணிப் புள்ளிகளைப் பிரித்துவிடும். ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே போடுங்கள்.

மதிப்பெண் முறை புரியாமல் சங்கத்தைத் திட்டுவது இந்த உலகில் வழக்கம். முதல் சுற்றுகளில் இடம் கிடையாது, கால்பேக் மட்டும்தான். 24 ஜோடிகளில் 12 பேரை அடுத்த சுற்றுக்கு எடுக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு ஜட்ஜும் 12 எண்களுக்குக் குறி போடுவார். குறிகள் அதிகம் பெற்றவர் மேலே போவார். பாட்டு ஒன்றரை நிமிடம், ஒரு ஹீட்டில், அதாவது ஒரே நேரத்தில் ஃப்ளோரில், 12 ஜோடி என்றால், ஒரு ஜட்ஜின் பார்வை உங்கள் மேல் சராசரியாக ஏழரை விநாடி விழும். அந்த ஏழரை விநாடியில் ஃபிகரின் கஷ்டம் தெரியாது. நிற்கும் நிலை, தாளம், இருவரின் பிடி மட்டும் தெரியும். மூலையில் முட்டி நின்றுபோன ஜோடிக்கு அதுவும் போய்விடும்.

ஃபைனலில், வழக்கமாக 6 ஜோடி, ஸ்கேட்டிங் முறை. இதில் கூட்டுத்தொகைக்கு முதல் மரியாதை இல்லை, பெரும்பான்மைக்குத்தான். 5 ஜட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடிக்கு 1, 1, 1, 6, 6. இன்னொரு ஜோடிக்கு 2, 2, 2, 1, 1. கூட்டினால் முதல் ஜோடிக்கு 15, இரண்டாவதற்கு 8. சின்ன எண்தான் நல்லது என்பதால் இரண்டாவது ஜோடி ஜெயித்தது என்று குடும்பமே கைதட்டும். ஆனால் கோப்பை முதல் ஜோடிக்கு. ஐவரில் மூவர் அவர்களை முதலிடத்தில் வைத்துவிட்டார்கள், அதோடு கதை முடிந்தது. யாருக்கும் முதலிடப் பெரும்பான்மை இல்லையென்றால் "2-ம் அதற்கு மேலும்" பெற்றவர்களை எண்ணுவார்கள், அதுவும் இல்லையென்றால் "3-ம் அதற்கு மேலும்". பெரும்பான்மை சமமானால்தான் அந்தப் பெரும்பான்மை மதிப்பெண்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். ஜட்ஜ்கள் எப்போதும் ஒற்றைப்படையில் இருப்பதன் காரணமும் இதுவே. தனக்கு வேண்டியவரைத் தூக்கிவிடவோ வேண்டாதவரைக் கவிழ்க்கவோ ஒரு ஜட்ஜ் மட்டும் நினைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. குறை உள்ள முறைதான், ஆனால் வெறும் கூட்டலைவிட நேர்மையானது.

2019-இல் வந்த விதி மாற்றம் ஒன்றைப் பாராட்ட வேண்டும். ஜோடி என்றால் ஆணும் பெண்ணும் என்ற பழைய வரையறை போய், ஒரு லீடரும் ஒரு ஃபாலோயரும் என்றாகிவிட்டது. கல்லூரி அணிகளில் ஆண்கள் பற்றாக்குறையால் ஜோடி கிடைக்காமல் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு, மற்ற எல்லாவற்றையும்விட இது உதவியது.

போட்டியில் ஆடாதவர்களுக்குக் கண்ணில் படாத இன்னொரு பயன் ஊர்க் கிளைகள். மாதம் ஒருமுறை கிளை நடத்தும் நடன இரவில் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ இலவச வகுப்பு, பிறகு எல்லோரும் ஆடலாம். இதை நடத்துவது முழுக்கத் தன்னார்வலர்கள். சர்ச் ஹாலோ பள்ளி ஜிம்மோ வாடகைக்குக் கேட்டால் காப்பீட்டுச் சான்றிதழ் காட்டு என்பார்கள், அதில் ஹால்காரரின் பெயரையும் கூடுதலாகக் காப்பீடு பெறுபவராகச் சேர்க்கச் சொல்வார்கள். பாட்டுப் போட, இசை உரிமை அமைப்புகளான அஸ்காப், பிஎம்ஐ தரும் உரிமம் வேண்டும். மாதச் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டுச் செயலி தனிப்பட்ட கேட்புக்கு மட்டுமே, நூறு பேர் ஆடும் ஹாலுக்கு அது செல்லாது. இந்த இரண்டு சுமையையும் தேசியச் சங்கத்தின் குடை தாங்குகிறது என்பதால்தான் நுழைவுக் கட்டணம் கையைக் கடிக்காமல் இருக்கிறது. ஆனால் குடை, முறையாகக் கிளையின் பெயரில் பதிவு செய்த நிகழ்ச்சிக்குத்தான். உறுப்பினர் ஒருவர் தன் வீட்டு கராஜில் வைக்கும் பயிற்சிக்கு அது பொருந்தாது. சான்றிதழைக் கடைசி வாரத்தில் கேட்டு ஹாலை இழந்த கிளைகள் உண்டு. ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

தன்னார்வத்தின் மறுபக்கமும் இருக்கிறது. ஒரு கிளையில் ஓடி ஓடிச் செய்த மூன்று பேர் ஓய்ந்தால் கிளையே ஓய்ந்துவிடும். உங்கள் ஊர்க் கிளை உயிரோடு இருக்கிறதா என்பதைத் தளத்தில் உள்ள பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள். வரும் மாத நடன இரவின் தேதி அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கிளை வேலைக்காகச் சொந்தக் காரில் ஓடுபவர்கள் மைலுக்கு 14 சென்ட் என்று வருமான வரியில் நன்கொடையாகக் காட்டலாம். தானே ஆடப்போகும் போட்டிக்கான பயணத்துக்கு இது கிடையாது.

உலக அளவில் பால்ரூமுக்கு இரண்டு வீடுகள். ஒன்று டபிள்யூடிஎஸ்எஃப், இன்னொன்று 1950-இல் எடின்பரோவில் பிறந்த உலக நடன கவுன்சில், அதாவது டபிள்யூடிசி. எல்லோரும் கனவு காணும், இங்கிலாந்தின் பிளாக்பூல் நடன விழா, 1920 முதல் விண்டர் கார்டன்ஸின் எம்ப்ரஸ் பால்ரூமில் நடப்பது, இரண்டாவது வீட்டைச் சேர்ந்தது. யுஎஸ்ஏ டான்ஸ் முதல் வீட்டில். இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே வாய்க்கால் தகராறு பல வருடமாக ஓய்ந்தும் எழுந்தும் வருகிறது. பிரான்ஸ் நிலையில் ஆடுபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சாம்பியன்ஷிப் நிலையில், உலகப் போட்டிக்கு நாட்டின் சார்பில் போகும் இடத்தைக் குறிவைப்பவர்தான் எங்கே ஆடினால் எங்கே கதவு மூடும் என்று அந்தந்த ஆண்டின் விதியைப் படித்தாக வேண்டும். உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு நாட்டுக்கு இரண்டே ஜோடி என்பதால் அந்த இடத்துக்கு அடிதடி அதிகம்.

கணுக்கால் சுளுக்கோ பிள்ளைப்பேறோ ஜோடி பிரிவோ காரணமாக ஒரு வருடம் போட்டியில்லாமல் இருக்கப் போகிறவர் அத்லெட் சந்தாவைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. சோஷியல் வகைக்கு இறங்கிக் கிளை இரவுகளில் ஆடிக்கொண்டிருக்கலாம். திரும்பி வரும்போது வகையை மாற்றுங்கள், மறக்காமல் சேஃப்ஸ்போர்ட் தேதியைப் பாருங்கள். முதுகில் எண் குத்த ஊக்கு நான்கு வேண்டும், பதிவு மேஜையில் எப்போதும் தீர்ந்துபோயிருக்கும்.