முதல் சம்பளமா, வேலைகளின் எண்ணிக்கையா? பொறியியல் பிரிவுகள்: ஓர் அலசல்

பொறியியலில் எந்தப் பிரிவுக்குச் சம்பளம் அதிகம்? பதில் சொல்வது சுலபம். அந்தச் சம்பளத்தில் எத்தனை இடம் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

அமெரிக்கா பிரிவுவாரியாகத் தெளிவான கணக்கு வெளியிடுவதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 2023 நிலவரப்படி அங்கே பெட்ரோலியம் பொறியாளர்களில், சம்பள வரிசையின் நடுவில் நிற்பவர் ஆண்டுக்குச் சுமார் 1,35,000 டாலர் வாங்குகிறார். சிவிலில் சுமார் 96,000. அனுபவசாலிகளையும் சேர்த்த கணக்கு இது. புதியவருக்கு இதைவிடக் குறையும். ஆனால் பெட்ரோலியத்தில் மொத்த வேலைகளே சுமார் 20,000தான். சிவிலில் 3 லட்சத்துக்கும் மேல். கல்லூரி விளம்பரங்களில் வரும் 'அதிகபட்ச பேக்கேஜ்' எனக்கு எரிச்சல் தருவது இதனால்தான். நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது, எத்தனை பேருக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

பெட்ரோலியத்தின் இன்னொரு தொல்லை எண்ணெய் விலை. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. 2012இல் சம்பளத்தைப் பார்த்துச் சேர்ந்தவர் பட்டத்தோடு வெளியே வந்தது அந்த 2016இல். வெறும் துரதிர்ஷ்டம் என்று இதைத் தள்ள முடியாது. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1976இலேயே இந்தச் சுழற்சியை விளக்கினார். சம்பளம் ஏறினால் கூட்டம் சேர்கிறது. சில வருடம் கழித்து எல்லோரும் ஒன்றாக வெளியே வர, சம்பளம் இறங்குகிறது. அதைப் பார்த்து அடுத்த செட் ஒதுங்க, மறுபடி ஆள் பற்றாக்குறை. அப்படியானால் எல்லோரும் ஒதுங்கும் வருடத்தில் சேர்வதுதான் கெட்டிக்காரத்தனம். வீட்டில் சம்மதம் வாங்குவது வேறு கதை.

சாப்ட்வேரில் சம்பளமும் உண்டு, இடமும் உண்டு. மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரையும், கூகுள் 2023 ஜனவரியில் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தது தலைப்புச் செய்தியானது. புதியவர்களை எடுக்காமல் நிறுத்துவது அப்படிச் செய்தியாவதில்லை. செலவைக் குறைக்க நினைக்கும் நிறுவனத்துக்கு அதுதான் சத்தமில்லாத வழி. அப்புறம், பொருளாதார ஆய்வாளர்கள் டேவிட் டெமிங், கதீம் நோரே இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கம்ப்யூட்டர், பொறியியல் படிப்புகளுக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் கூடுதல் சம்பளம், முதல் 10 ஆண்டுகளில் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறதாம். படித்த நுட்பம் பழசாகிவிடுவதுதான் காரணம்.

சிவிலில் தொடக்கச் சம்பளம் குறைவு, வேலையும் பெரும்பாலும் வெயிலில். ஆனால் பாலத்தின் கணக்கு அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை. சில வருட அனுபவத்துக்குப் பிறகு தேர்வெழுதி உரிமம் வாங்கினால்தான் வரைபடத்தில் கையெழுத்திட முடியும் என்ற விதி பல இடங்களில் உண்டு. அந்தக் கையெழுத்துக்குத் தனி மதிப்பு. 2008 நெருக்கடியில் கட்டுமானம் முடங்கியபோது சிவில்காரர்களும் வேலையிழந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெக்கானிக்கல் நடுவாந்தரம்: எந்தத் தொழிற்சாலையிலும் நுழையலாம், உச்சச் சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது.

என் ஓட்டு எலெக்ட்ரிகலுக்கு. சிப் வடிவமைப்பு, மின்கட்டமைப்பு, மின்சார வாகனம், டேட்டா சென்டர் என்று பல துறைகளுக்கு இவர்கள் தேவை. எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிடுவது அபூர்வம். கோடிங் கற்றுக்கொண்டு சாப்ட்வேருக்கும் தாவலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர் துணைமின் நிலையத்துக்குத் தாவுவது அவ்வளவு எளிதல்ல.